விசிறி நின்ற வாரம்

“துடை தேவி, நிறுத்தாமத் துடை” என்று சொல்லிக்கொண்டே வேனைப் பாலத்தில் ஏற்றினேன். எட்டு வயதுக் குழந்தை அவள். மடியில் டிபன் கேரியர், கையில் என் பழைய துண்டு. முன்கண்ணாடியில் அவள் துடைத்த இடம், கையை எடுப்பதற்குள் மறுபடி வெளுத்துப் போனது.

வெளியே யாங்கோன் மழை. பிற்பகல் மூன்றரை மணிக்கே விளக்குப் போட வேண்டிய இருட்டு. உள்ளே எட்டுப் பிள்ளைகள், எட்டுப் பேரும் பள்ளி வாசலிலேயே தொப்பலாக நனைந்தவர்கள். அவர்கள் விட்ட மூச்செல்லாம் கண்ணாடியில்தான் போய் ஒட்டியது. சன்னலைத் திறந்தால் புத்தகம் நனையும், வீட்டில் அடி விழும் என்று கத்தினார்கள். மூடினேன்.

கண்ணாடியில் படியும் ஆவியை விரட்ட வண்டிக்குள் ஒரு விசிறி உண்டு. அது மூன்று நாளாக வேலை செய்யவில்லை.

இந்தத் தொடரைப் புதிதாகக் கையில் எடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் யாங்கோனில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறவள். இங்கே அதற்கு ‘ஃபெர்ரி’ என்று பெயர். என் பெயர் ஸ்டெல்லா. எந்தப் பாலம், எந்த வருடம் என்று மட்டும் கேட்காதீர்கள். இந்தப் பத்திரிகை எங்கெங்கே போகிறதோ, யார் கண்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த ஊரில் வண்டிகள் சாலையின் வலது பக்கம் போகும். ஆனால் பாதி வண்டிகள் ஜப்பானில் ஓடி முடித்து வந்தவை, ஸ்டியரிங்கும் வலது பக்கம்தான். அதனால் ஓட்டுகிறவர் சாலை ஓரமாக உட்கார்ந்திருப்பார். நடுச்சாலை தெரிவது இடது சீட்டில் இருப்பவருக்கு. முன்னால் போகும் லாரியை முந்த வேண்டுமானால் அவர்தான் எட்டிப் பார்த்து “வரலாம்” என்று சொல்ல வேண்டும். என் வேனில் அந்த வேலை தேவிக்கு. அவளுக்கு அதில் பெருமை.

பாலம் இறங்கும் இடத்தில் சோதனைச் சாவடி உண்டு. அது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் முந்தின நாள் வரை அது வளைவைத் தாண்டி இருந்தது. அன்று இந்தப் பக்கம் நகர்த்தி வைத்திருந்தார்கள். இரண்டு தகரப் பீப்பாய், கொஞ்சம் தள்ளி குறுக்கே ஒரு மூங்கில். பீப்பாய்களைக் கடந்த பிறகுதான் எனக்குச் சத்தம் கேட்டது.

மழையில் அதை யாரோ வியாபாரியின் கூவல் என்று நினைத்தேன். மறுபடி கேட்டது. கரகரத்த குரல் ஒன்று, நில் என்று பர்மியில் தொண்டை கிழியக் கத்தியது. “ஆன்ட்டி, ஆளுங்க நிக்கிறாங்க” என்றாள் தேவி. பிரேக்கை மிதித்தேன். வேன் வழுக்கிக்கொண்டு போய் மூங்கிலில் முட்டி நின்றது.

துப்பாக்கி என் பக்கத்துச் சன்னலுக்கு வரவில்லை. அவர்கள் நடுச்சாலையில் நின்றிருந்தார்கள். அதனால் இடது சன்னலுக்கு வந்தது. தேவியின் சன்னலுக்கு.

எனக்கு வெளியே தெரியாதது போலவே அவர்களுக்கும் உள்ளே தெரியவில்லை. நிற்காமல் வந்த ஒரு வேன், கண்ணாடியெல்லாம் வெள்ளை, உள்ளே யார், எத்தனை பேர், ஒன்றும் தெரியாது. ஒருவன் வெளியிலிருந்து உள்ளங்கையால் கண்ணாடியைத் தேய்த்தான். ஆவி உள்பக்கம் அல்லவா படிந்திருக்கிறது, அவன் தேய்த்து என்ன பயன். ‘கடக்’ என்று இரும்புச் சத்தம் கேட்டது. நான் கையைத் தூக்கியிருக்க வேண்டும். ‘பிள்ளைகள், பிள்ளைகள்’ என்று கத்தியிருக்க வேண்டும். ஒன்றும் செய்யவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்த கை பிடித்தபடியே இருந்தது.

தேவிதான் உள்ளங்கையால் சன்னல் கண்ணாடியில் ஒரு வட்டம் துடைத்து, அதில் தன் முகத்தை வைத்தாள்.

கத்தல் நின்றது. கதவைத் திறந்து எண்ணினார்கள். எட்டுப் பிள்ளைகள், ஒரு கிழவி. என்னை வாயில் வந்தபடி திட்டினார்கள். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் திட்டு வாங்கியதில்லை. தலையைக் குனிந்தே இருந்ததால் யார் முகத்தையும் பார்க்கவில்லை. போகச் சொன்னார்கள், போனேன்.

வீட்டில் வந்து இறங்கியபோதுதான், என் லுங்கி (இங்கே பெண்களும் அதுதான் கட்டுவோம்) நனைந்திருந்தது மழையால் அல்ல என்று தெரிந்தது. அறுபதை நெருங்குகிற பெண் இதையெல்லாம் எழுதலாமா என்கிறார் என் வீட்டுக்காரர். எழுதினால் என்ன என்கிறேன் நான்.

பயந்த குடும்பம்

பயம் எனக்குப் புதிதல்ல. எங்கள் குடும்பமே பயந்த குடும்பம்.

என் அப்பா இன்சீன் ரயில்வே பட்டறையில் குமாஸ்தா. நம்மவர்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பல் ஏறிய காலத்தில் அவரும் ஒரு தகரப் பெட்டியைக் கட்டி வைத்தார். ஞானஸ்நானச் சான்றிதழ்கள், இரண்டு செட் துணி, ஒரு கம்பளி. கம்பளி எதற்கு என்றால், மதராஸில் குளிர் பொறுக்க முடியாது என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள்.

பெட்டி கட்டிலுக்கடியில் இருந்தது. அப்பா போகவில்லை. போகவும் பயம், இருக்கவும் பயம். இரண்டில் எது பெரியது என்று தீர்மானிப்பதற்குள் கப்பல்கள் வருவது நின்று போனது. எங்கள் குடும்பம் யாங்கோன்வாசிகளாக நிலைத்த வரலாறு இவ்வளவுதான்.

அந்தப் பயம் அப்படியே எனக்கு வந்தது. ஆனால் தொழிலுக்கு அது நல்லது. மணிக்கு முப்பது மைல் வேகத்துக்கு மேல் என் வேன் போனதில்லை. தெருநாய் தூங்கினால் அது எழுந்து போகும் வரை நிற்பேன். பெற்றோர் என்னை நம்பிப் பிள்ளைகளை விடுகிறார்கள் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். உண்மையில் அவர்கள் என் பயத்தை நம்பித்தான் விடுகிறார்கள்.

பனி நாட்டு வண்டி

என் வேனின் பக்கவாட்டில் இன்னும் ஜப்பானிய எழுத்துகள் இருக்கின்றன. சலவைக் கடையா, சவப்பெட்டிக் கடையா தெரியாது. சாவியைத் திருப்பினால் ஒரு பெண் குரல் ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்லும். எட்டுப் பிள்ளைகளும் “வணக்கம் அக்கா” என்று பர்மியில் பதில் சொல்லுவார்கள்.

பனி கொட்டும் ஊரில் பிறந்த வண்டி. ஹீட்டருக்கென்று சிவப்புக் கோடு போட்ட ஒரு திருகு இருக்கிறது. யாங்கோனில் அதைத் தொடுகிறவன் பைத்தியக்காரன். ஆனால் ஹீட்டரின் வெப்பத்தைத் தள்ளுவதும், ஏசியின் குளிரைத் தள்ளுவதும், மழைநாளில் கண்ணாடிக்குக் காற்று ஊதுவதும் ஒரே விசிறிதான். இடது சீட்டுக்கு எதிரே, சாமான் போடும் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் படுத்திருக்கும் இடத்தில் உள்ள, அங்கங்கே உடைந்த சல்லடை வழியாக வெளிக்காற்றை இழுக்கும்.

அந்தச் சல்லடைக்கு மேல்தான் எங்கள் பாதுகாப்பு எல்லாம் இருந்தது.

இங்கே பர்மியர்கள் வண்டியின் முன்னால் தபியே இலைக் கொத்து செருகுவார்கள். நாவல் இலை மாதிரி இருக்கும். ஆபத்து அண்டாது என்று நம்பிக்கை. ஊர் நிலவரம் மோசமாக மோசமாக, பிள்ளைகளின் அம்மாக்கள் ஆளுக்கொரு கொத்து கொண்டுவந்து வைப்பர் அடியில் செருகினார்கள். தேவியின் அம்மா மல்லிகா மல்லிகைச் சரம் சுற்றிவிட்டாள். நான் குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் கொடுத்த ஓலையைக் கிழித்து ஒரு சிலுவை மடித்து வைத்தேன். யார் வைத்ததையும் யாரும் எடுக்கவில்லை. காய்ந்து சருகானாலும் எடுக்கப் பயம். எடுத்த அன்று ஏதாவது ஆகிவிட்டால்? பழசின் மேல் புதுசு செருகினோம்.

விசிறி திடீரென்று நிற்கவில்லை. முதலில் ஒன்று, இரண்டு, மூன்று என்ற வேகங்கள் போயின. நாலு மட்டும் ஓடியது. ஓடுகிறதே என்று விட்டுவிட்டேன். பிறகு நாலும் முனகத் தொடங்கியது. ஒருநாள் அடியோடு நின்றது.

என் வீட்டுக்காரர் அந்தோணி பியூஸைப் பார்த்தார். மஞ்சள் பியூஸ் எரிந்திருந்தது. புது மஞ்சள் போட்டார், மறுநாளே எரிந்தது. மஞ்சளை எடுத்துவிட்டுப் பச்சை போட்டார். “இது பெருசு, தாங்கும்” என்றார். தாங்கியது. இரண்டு நாள் ஓடியது, பிளாஸ்டிக் கருகும் வாடையோடு. பிறகு அதுவும் நின்றது. அதற்கு மூன்றாம் நாள்தான் பாலத்தில் நடந்தது.

காதர் பாயின் பல்பு

மறுநாள் காலை வேனை எடுக்கவில்லை. காய்ச்சல் என்று எல்லா வீட்டுக்கும் சொல்லிவிட்டேன். இருட்டிய பிறகு மல்லிகா வந்தாள். தையல் ஆலையில் வேலை செய்கிறவள், புருஷன் இல்லை. ஆலைச் சட்டையோடு வாசலில் நின்றாள்.

“நிறுத்திடலாம்னு இருக்கேன் மல்லிகா” என்றேன். “என்னால முடியாது. கை நடுங்குது.”

“நீங்க நிறுத்துனா தேவி படிப்பும் நின்னுரும்க்கா. விடியுமுன்ன ஆல வண்டி ஏறுனா இருட்டுனப்புறந்தான் வர்றேன். பஸ்ஸுல தனியா அனுப்பச் சொல்றீங்களா?”

உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. வாசல்படியில் உட்கார்ந்து குரலை இறக்கிச் சொன்னாள்.

“நேத்து ராத்திரி பூரா அவ தூங்கலக்கா. எந்திரிச்சு எந்திரிச்சு ஒக்காந்துக்கிட்டா. இனிமே பின் சீட்டுல ஒக்காருன்னேன். அழுவுறா. நான் முன்னாடி இல்லாட்டி யாரு மூஞ்சியக் காட்டுவா, எல்லாரையும் சுட்டுருவாங்கன்றா.”

இதைக் கேட்ட பிறகு எனக்கு என் கை நடுக்கம் பெரிதாகத் தெரியவில்லை. எட்டு வயதுப் பிள்ளை ஏழு பேர் உயிரைத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு விழித்திருக்கிறாள். அவளைத் தூங்க வைக்க வேண்டும். அதற்கு முதலில் அந்தக் கண்ணாடி தெளிய வேண்டும்.

சனிக்கிழமை மிங்கலா தாங்ஞுன்டுக்கு வேனைக் கொண்டுபோனேன். ரயில் பாதையை ஒட்டிக் காதர் பாயின் கொட்டகை. கார் மின்சார வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை. கரண்ட் இல்லை, வெளிச்சத்துக்காக வண்டியைத் தெருப் பக்கம் திருப்பி நிறுத்தச் சொன்னார். கையில் எதையும் எடுக்கவில்லை. முதலில் கேள்விதான்.

“மொதல்ல எந்த நம்பரு போச்சு?”

“ஒண்ணு, ரெண்டு, மூணு. நாலு மட்டும் ஓடுச்சு.”

“எத்தன நாளா?”

“ஒரு மாசம் இருக்கும் பாய்.”

“ஒரு மாசமா வண்டி சொல்லிக்கிட்டு இருந்திருக்கு. நீங்கதான் கேக்கல ஸ்டெல்லாம்மா.”

நாலாம் எண்ணில் மின்சாரம் விசிறிக்கு நேராகப் போகும், மற்ற மூன்றிலும் ஒரு சுருள் கம்பி வழியாகக் குறைந்து போகும் என்றார். நாலு மட்டும் ஓடினால் சுருள் போய்விட்டது என்று அர்த்தம். அது ஏன் போனது என்பதுதான் கேள்வி.

பிறகு பியூஸ் பெட்டியைத் திறந்தார். பச்சையைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

“இது யாரு வச்சது?”

“என் வீட்டுக்காரர். மஞ்ச ரெண்டு வாட்டி போயிருச்சு. இது தாங்கும்னு வச்சாரு.”

“தாங்கும். பியூஸு தாங்கும். வயரு தாங்கணுமே.”

இரண்டு வயர் தொங்கும் ஒரு சின்ன பல்பு வைத்திருந்தார். பியூஸ் பக்கம் தொட்டார், எரிந்தது. சாமான் பெட்டியைக் கழற்றிவிட்டு, தலையை உள்ளே நுழைத்து, விசிறிக்குப் போகும் இணைப்பில் தொட்டார். எரியவில்லை. அந்த இணைப்பைப் பிடுங்கி என் முன்னால் நீட்டினார். வெள்ளையாக இருந்திருக்க வேண்டிய பிளாஸ்டிக் கருத்து, உருகி, ஒரு பக்கம் வழிந்து இறுகியிருந்தது.

“இது எரிஞ்சு அத்துக்கிச்சு, அதனாலதான் நின்னுச்சு. அத்துக்காம இருந்திருந்தா…” என்றவர் இடது சீட்டைப் பார்த்தார். “இந்தப் பக்கம் யாரு ஒக்காருவா?”

“தேவி. எட்டு வயசு.”

அவர் அந்த இணைப்பை என் உள்ளங்கையில் வைத்தார். அந்த வாடையோடு இரண்டு நாள் ஓட்டினேன். அவள் முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில் நெருப்பு உட்கார்ந்திருந்தது. பாலத்தில் பயந்தேன், சரி. இதற்குப் பயப்படவே எனக்குத் தோன்றவில்லை. வாழ்நாள் முழுக்கப் பயந்தவளுக்கு எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரியவில்லையே என்று என் மேல் கோபம் கோபமாக வந்தது.

விசிறி மோட்டாரை பேட்டரியோடு நேராகச் சேர்த்தார். ‘ம்ம்ம்’ என்று முனகியதே தவிரச் சுற்றவில்லை. “மோட்டாருக்கு உசுரு இருக்கு. எதுவோ பிடிக்குது” என்று மூன்று திருகுகளைக் கழற்றி, விசிறியை வெளியே இழுத்தார். கூடை மாதிரி உருண்டையான விசிறி. அதற்குள் சருகு. ஒரு கைப்பிடி இல்லை, இரண்டு கை நிறைய.

பழைய செய்தித்தாளில் கொட்டினார். தபியே இலை, தபியே இலை, மேலும் தபியே இலை. மல்லிகைச் சரத்தின் நார் மோட்டார் தண்டைச் சுற்றிக் கயிறாக இறுகியிருந்தது. நடுவில் என் ஓலைச் சிலுவை, ஒரு கை இல்லாமல்.

“எல்லா சாமியும் உள்ள வந்து ஒக்காந்துருக்கு. அப்புறம் எப்படிச் சுத்தும்?” என்று சிரித்தார் காதர் பாய். சிரித்துக்கொண்டே கிளறியவர் நின்றார். நாலாக மடித்த சின்னக் காகிதம் ஒன்று. போன நோன்பு மாதத்தில் அவரே எனக்கு ஓதிக் கொடுத்தது, வைப்பர் அடியில் அவர் கையாலேயே செருகியது. சட்டென்று அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் பார்க்காதது போல இருந்துவிட்டேன்.

சருகு விசிறியைப் பிடித்தது. சுற்ற முடியாத மோட்டார் அதிகம் மின்சாரம் இழுத்தது. அதில் முதலில் சுருள் போனது, பிறகு பியூஸ் போனது. பியூஸ் சொன்னதைக் கேட்காமல் பச்சையை வைத்து அதன் வாயை அடைத்தோம், இணைப்பு எரிந்தது. கண்ணாடி வெளுத்தது. சாவடி தெரியவில்லை. பயத்துக்கு வைத்த இலைதான் எங்களைத் துப்பாக்கி வரைக்கும் கொண்டுபோய் விட்டது. சிரிக்கத்தான் செய்தேன். பாதிச் சிரிப்பில் அழுகை வந்துவிட்டது. காதர் பாய் எழுந்து போய் எங்கிருந்தோ டீ வாங்கி வந்தார்.

சுருளுக்கு மட்டும் லான்மடாவ் பக்கம் ஒரு பழைய சாமான் கடைக்கு ஆள் அனுப்ப வேண்டியிருந்தது. உருகிய இணைப்பை வெட்டியெறிந்து வேறு வைத்தார். மோட்டாரைத் துடைத்துத் தண்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். மஞ்சள் பியூஸ் மஞ்சளின் இடத்துக்கு வந்தது. கடைசியாகச் சல்லடைக்கு மேல் ஒரு கம்பி வலையை அளந்து வெட்டி இறுக்கினார்.

“இனிமே யாரு என்ன வச்சாலும் வலைக்கு மேல இருக்கட்டும். அந்தோணி அண்ணன் கிட்டயும் சொல்லிருங்க, பியூஸு பெட்டியத் தொட வேணாம்னு.”

ஒன்று திருப்பினார். மெல்லிய காற்று. இரண்டு, மூன்று, நாலு. கண்ணாடி ஓரத்திலிருந்து வந்த காற்றில் என் முன்முடி பறந்தது.

முன் சீட்

திங்கட்கிழமை தேவி முன் சீட்டில்தான் ஏறினாள். பின்னால் போகச் சொன்னேன், அசையவில்லை. நல்ல மழை. விசிறி மூன்றில் ஓடியது. கண்ணாடியில் ஒரு பொட்டு ஆவி இல்லை.

“பாரு தேவி, காத்து வருது. எல்லாம் தெரியுது. நீ ஒண்ணும் செய்ய வேணாம்” என்றேன்.

“தெரியும்” என்றாள் பர்மியில். நான் தமிழில் கேட்டாலும் அவள் பதில் பெரும்பாலும் பர்மியில்தான்.

பாலம் வந்ததும் முதுகை நிமிர்த்தினாள். தெளிவாக இருந்த சன்னலில் முகத்தைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டாள், மூக்கு சப்பையாகும் வரை. சாவடி தாண்டும் வரை அப்படியே இருந்தாள். நான் மூங்கிலைப் பார்த்து ஓட்டினேன், அவளைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்துகொண்டே வந்தது. விசிறியைச் சரிசெய்துவிட்டேன், இவளை எப்படிச் சரிசெய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு வாரம் போயிருக்கும். அன்றும் பேய் மழை. பின்னால் பிள்ளைகள் ஏதோ விளையாட்டில் கத்திக்கொண்டிருந்தார்கள். பாலம் ஏறும்போது இடது பக்கம் சத்தமே இல்லையே என்று திரும்பினேன். தேவி தூங்கிக்கொண்டிருந்தாள். தலை சீட்டில் சாய்ந்திருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது.

சாவடியில் எல்லாரும் விழித்து நிமிர்ந்து உட்கார வேண்டும் என்பது நானே பிள்ளைகளுக்குப் போட்ட விதி. எழுப்பக் கை நீண்டது. எழுப்பவில்லை.

மூங்கிலுக்கு வெகுதூரம் முன்பே நிறுத்தினேன். விளக்கை அணைத்தேன். என் பக்கத்துச் சன்னலை இறக்கிவிட்டு இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் தெரியும்படி வைத்தேன். ஒருவன் வழக்கம்போல இடது பக்கம் வந்தான். தேவியின் சன்னலைத் தட்ட விரலை மடக்கினான். நான் பதறிப்போய் உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்து, தூங்குகிறாள் என்று சைகை காட்டினேன். வேகமாகக் கையை அசைத்ததே தப்பு என்று அப்புறம்தான் உறைத்தது. கையை மறுபடி ஸ்டியரிங் மேல் வைத்தேன்.

அவன் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தான். மடக்கிய விரலை இறக்கினான். மழையில் வண்டியைச் சுற்றி என் பக்கம் வந்தான். துப்பாக்கியை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுக் குனிந்தான்.

“இன்னைக்குக் கண்ணாடி நல்லாத் தெரியுது, அமே” என்றான் பர்மியில், மிக மெதுவாக. அமே என்றால் அம்மா. “மெதுவாப் போங்க. பிள்ளை எந்திரிச்சிரும்.”

எவ்வளவு தாழ்த்தினாலும் அந்தக் கரகரப்பு போகவில்லை. அன்று தொண்டை கிழியக் கத்தியவன் இவன்தான். முதல்முறையாக முகத்தைப் பார்த்தேன். முப்பது வயதிருக்கும். இமையில் மழை சொட்டியது. வீட்டில் பிள்ளை இருக்கிறவனுக்குத்தான் அப்படிக் குரலை இறக்கத் தெரியும்.

தலையாட்டிவிட்டு வேனை நகர்த்தினேன். சாவடியில் நிற்பவர்கள் வேறு மாதிரி மனிதர்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். பிள்ளை பெற்றவன் எவனும் பிள்ளைகள் மேல் துப்பாக்கி நீட்ட மாட்டான் என்று, அந்த நினைப்பில் எனக்கு ஏதோ ஒரு தைரியம் இருந்திருக்கிறது. இந்த மனிதன்தான் அன்று அவள் முகம் ஒரு நொடி பிந்தியிருந்தால் சுட்டிருப்பான். இதே கைதான்.

சாவடி தாண்டியும் வேனை நடக்கும் வேகத்தில்தான் ஓட்டினேன். மல்லிகாவின் வீட்டு வாசல் வரைக்கும் தேவி எழுந்திருக்கவே இல்லை.